அவசர மருத்துவ தீசிஸ்: எந்த ஆய்வு முறை உங்களுக்குப் பொருந்தும்?

அவசர மருத்துவத்தில் எம்.டி. சேர்ந்த சில மாதங்களிலேயே தீசிஸ் தலைப்பைக் கேட்டுவிடுகிறார்கள். துறையின் அன்றாட ஓட்டமே இன்னும் பிடிபடாத நேரம் அது. பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து ஆராய்ந்து முடிப்பதா, வருகிற நோயாளிகளைச் சேர்த்துக் கண்காணிப்பதா, ஒரு ஸ்கேனின் அல்லது நோயின் கடுமையை எண்ணாகச் சொல்லும் ஸ்கோரின் துல்லியத்தைச் சோதிப்பதா, குலுக்கல் முறையில் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடுவதா என்று முதலாண்டு மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். "பழைய கேஸ் ஷீட்டை எடுத்துக்கொள், தொல்லை இல்லை" என்பார் ஒரு சீனியர். "ஆர்.சி.டி. (குலுக்கல் முறை ஆய்வு) செய்தால்தான் மதிப்பு" என்பார் இன்னொருவர். இரண்டு அறிவுரைகளும் சொல்பவரின் துறைக்குப் பொருந்தியிருக்கலாம். உங்கள் துறைக்குப் பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு, மிகக் கடும் நோயாளிகளை வைக்கும் சிவப்புப் பகுதியில் மூன்று பேர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, உங்கள் துறையால் எதை உண்மையாகப் பதிவு செய்ய முடியுமோ அதுதான் ஆய்வு முறையைத் தீர்மானிக்க வேண்டும். அந்த நேரத்தில் பதிவாகாத ஒன்றை மையமாக வைத்து எழுதும் தீசிஸ், பகல் டியூட்டியின் தீசிஸாக மட்டுமே முடியும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

காலம். படிப்பு மூன்று ஆண்டு என்பதால் ஆய்வுக்கும் மூன்று ஆண்டு இருப்பதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்வுக்கு ஆறு மாதம் முன்னதாக தீசிஸைச் சமர்ப்பித்தாக வேண்டும். திட்ட வரைவு எழுதி, துறைக் கூட்டத்தில் வைத்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறவே அரை ஆண்டு ஓடிவிடும். மாவட்ட உறைவிடப் பயிற்சி மூன்று மாதம் உங்களைக் கல்லூரியைவிட்டு வெளியே அனுப்பிவிடும். மயக்கவியல், குழந்தைகள் நலம், தீவிர சிகிச்சை என்று பிற துறைச் சுழற்சிகள் வேறு. பகுப்பாய்வுக்கும் எழுத்துக்கும் மூன்று மாதம் ஒதுக்கினால், நோயாளிகளைச் சேர்க்க மிஞ்சுவது ஓராண்டு, மிஞ்சிப்போனால் ஒன்றேகால் ஆண்டு. அதிலும் பாதி நாள் நீங்கள் அவசரப் பிரிவில் இருக்கமாட்டீர்கள்.

சேர்க்கப்போவது யார். மற்றத் துறைகளில் மறுநாள் காலை வார்டுக்குப் போய் நோயாளியிடம் பேசிக்கொள்ளலாம். அவசரப் பிரிவில் நோயாளி இரண்டு மணி நேரத்தில் வார்டுக்கோ ஐ.சி.யு.வுக்கோ வீட்டுக்கோ போய்விடுவார். நீங்கள் இல்லாத நேரத்தில் படிவத்தை நிரப்பப்போவது யார் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட முடிய வேண்டும்.

ஒப்புதல். நினைவிழந்தவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. அவர் சார்பில் சட்டப்படி ஒப்புதல் தரத் தகுந்த உறவினர் எப்போது வந்து சேர்வார் என்பது தெரியாது. விபத்தில் அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கும்போது உடன் ஒருவரும் இல்லாமலிருப்பது அன்றாடம் நடப்பது.

எண்ணிக்கை. கேள்விக்கு விடை கிடைக்க எத்தனை பேர் தேவை? கீழே ஒவ்வொரு முறைக்கும் ஒரு கணக்கு தருகிறேன். பலரின் முடிவை மாற்றுவது இந்தக் கணக்குத்தான்.

பணம். ஆய்வுக்காக மட்டும் செய்யும் பரிசோதனையின் செலவை நோயாளியின் தலையில் கட்டக்கூடாது. மாணவர் ஆய்வில் ஆய்வாளரும் கல்லூரியுமே புரவலர் இடத்தில் நிற்கிறார்கள். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் பொறுப்பு அவர்களுடையது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்தால் இது புரியும்.

பயன். விடை கிடைத்தால் உங்கள் அவசரப் பிரிவில் நாளை எது மாறும்? இதற்குப் பதில் இல்லாத தலைப்பை எந்த முறையும் காப்பாற்றாது.

## பழைய கேஸ் ஷீட் ஆய்வு

இதைச் சோம்பேறிகளின் வழி என்று ஒதுக்குவது நியாயமில்லை. அரிதாக வரும் நோய்க்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. கருவுற்றிருக்கும்போது பாம்புக்கடி பட்டு வந்தவர்கள் ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுக்குச் சிலர்தான் இருப்பார்கள். பத்தாண்டுப் பதிவேட்டைப் புரட்டினால்தான் பேசத்தக்க எண்ணிக்கை சேரும். நோயாளியின் அடையாளத்தை நீக்கிவிட்டு ஆராய்வதால், தனித்தனி ஒப்புதலிலிருந்து நெறிமுறைக் குழு விலக்கு அளிக்க முடியும். விலக்கு ஒப்புதலுக்குத்தான், குழுவின் அனுமதிக்கு அல்ல. "பழைய தரவுதானே" என்று அனுமதி பெறுவதற்கு முன்பே தரவெடுக்கத் தொடங்குபவர்கள் பின்னால் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு தரவின் உண்மையில் இருக்கிறது. அவசரப் பிரிவுக் கேஸ் ஷீட்டுகளில் மூச்சு எண்ணிக்கை வரிசையாக 18, 20, 18, 20 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் ஒரு நிமிடம் நின்று எண்ணியிருக்கமாட்டார்கள். அந்த எண்ணை உள்ளே போட்டு ஒரு ஸ்கோரைக் கணக்கிட்டு, அது இறப்பை முன்கணிக்கிறதா என்று ஆராய்ந்தால் வருவது கற்பனை எண்களின் புள்ளியியல். ரத்தத்தில் லாக்டேட் அளவு (உடலுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது உயர்வது) எல்லோருக்கும் பார்த்திருக்கமாட்டார்கள். பார்ப்பதற்கே மோசமாக இருந்தவர்களுக்குத்தான் பார்த்திருப்பார்கள். ஆகவே லாக்டேட் உள்ள கேஸ் ஷீட்டுகளை மட்டும் பொறுக்கினால் உங்கள் கூட்டம் முழுவதும் கடும் நோயாளிகளாகிவிடும்.

இதைவிட ஆழமான பிரச்சினை ஒன்று நம் ஊருக்கே உரியது. இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும் பல குடும்பங்கள் உயிர் வீட்டில் போகட்டும் என்று கேட்டு அழைத்துப் போய்விடுகின்றன. கேஸ் ஷீட்டில் அது "மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறினார்" என்றோ "வேண்டுகோளின்பேரில் டிஸ்சார்ஜ்" என்றோ பதிவாகும். இறப்பு என்ற கட்டத்தில் அவர்கள் வரமாட்டார்கள். இறப்பு விகிதத்தை முடிவாகக் கொண்ட பழைய கேஸ் ஷீட் ஆய்வு, இந்த நோயாளிகளை என்ன செய்தது என்று ஒரு பத்தியாவது எழுதாமல் இருந்தால் நான் அதன் முடிவை நம்பமாட்டேன். தொலைபேசியில் அழைத்து விசாரிக்கலாம் என்பீர்கள். அந்த நிமிடமே உங்கள் ஆய்வு ஒப்புதல் விலக்கின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. குழுவிடம் மறுபடியும் போக வேண்டும்.

போலீஸ் வழக்கான எம்.எல்.சி. கேஸ் ஷீட்டுகளைத் தனியாகப் பூட்டி வைக்கும் மருத்துவமனைகளும் உண்டு. விபத்து, நஞ்சு, தாக்குதல் என்று உங்கள் தலைப்பு அந்தப் பக்கம் போனால், பதிவேட்டுப் பிரிவில் அனுமதி எப்படிக் கிடைக்கும் என்று தலைப்பைப் பதிவதற்கு முன்பே விசாரியுங்கள். ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் உள்ள வருகை நேரத்துக்கும் கேஸ் ஷீட்டில் உள்ள நேரத்துக்கும் அரை மணி வேறுபாடு இருந்தால் எதை எடுப்பது என்ற விதியையும் முன்னதாகவே எழுதிவைக்க வேண்டும்.

அவசர மருத்துவத்தில் கேஸ் ஷீட் ஆய்வுகளை எவ்வளவு அசட்டையாகச் செய்கிறார்கள் என்று 1996இலேயே அத்துறையின் முன்னணி இதழ் ஒன்று கட்டுரை வெளியிட்டது. தரவெடுப்பவருக்குப் பயிற்சி, ஒவ்வொரு மாறிக்கும் (அளந்து பதியும் தகவலுக்கும்) முன்கூட்டிய வரையறை, ஒரே மாதிரிப் படிவம், ஆய்வின் கருதுகோள் தெரியாத ஒருவரைக் கொண்டு தரவெடுத்தல், ஒரு பகுதியை இருவர் தனித்தனியே எடுத்து ஒப்பிடுதல் என்று அது கேட்டவை இன்றும் நியாயமான கோரிக்கைகள். இவற்றைச் செய்தால் கேஸ் ஷீட் ஆய்வு மூன்று மாத வேலையாக இருக்காது.

இந்த முறை சிறப்பது: நோய் அரிதானது, எடுக்கும் மாறிகள் ஆய்வகமோ இயந்திரமோ பதிந்தவை, அதாவது ஹீமோகுளோபின், கிரியாட்டினின், இ.சி.ஜி. போன்றவை, துறையில் ஒழுங்கான கணினிப் பதிவேடு இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் நிற வாரியாக நோயாளிகளைப் பிரித்துப் பதிகிறார்கள். அந்தப் பதிவேட்டைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தால், காயம் பற்றிய பல கேள்விகளுக்கு நல்ல தொடக்கம் அது.

## வருகிற நோயாளிகளைச் சேர்க்கும் முன்னோக்கிய கண்காணிப்பு ஆய்வு

இந்தியாவில் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக மருத்துவக் கவுன்சில் ஏற்றது 2009இல்தான். நம் நோயாளிகள் யார், எத்தனை மணி நேரம் கழித்து வருகிறார்கள், எங்கெங்கே முதலுதவி பெற்று வருகிறார்கள், என்ன ஆகிறார்கள் என்ற அடிப்படைக் கேள்விகளில் பல இன்னும் திறந்தே கிடக்கின்றன. ஒரு பட்ட மேற்படிப்பு மாணவரால் நேர்மையாக நிரப்பக்கூடிய இடைவெளி இது. என் பரிந்துரை பெரும்பாலும் இந்த முறைக்கே.

இதன் வலிமையைக் காட்ட இலங்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்கே பூச்சிக்கொல்லி நஞ்சால் சேர்ந்த நோயாளிகளை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் வருகை முதலே வரிசையாகப் பதிந்தார்கள். 2005இல் வெளியான ஆய்வில் மூன்று ஆர்கனோபாஸ்பரஸ் (ஓ.பி.) பூச்சிமருந்துகளால் பாதிக்கப்பட்ட 802 பேர் இருந்தனர். மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஒரே நச்சு வகுப்பைச் சேர்ந்தவை. குளோர்பைரிபாஸ் உட்கொண்டவர்களில் 8 விழுக்காட்டினர் இறந்தனர். பென்தியானில் 16 விழுக்காடு, டைமெத்தோயேட்டில் 23 விழுக்காடு. எலியில் அளந்த நச்சுத்தன்மை மனிதரைப் பற்றிச் சொல்லாததை வார்டுப் பதிவேடு சொல்லிவிட்டது. டைமெத்தோயேட், பென்தியான், களைக்கொல்லியான பாராகுவாட் ஆகியவற்றை இலங்கை 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்தது. இத்தகைய மருத்துவமனைத் தரவுகள் அந்த முடிவுக்குத் துணை நின்றன. யாருக்கும் புதிய மருந்து கொடுக்கவில்லை, குலுக்கல் போடவில்லை. என்ன குடித்தார், எப்போது வந்தார், என்ன ஆனார் என்பதைத் தவறாமல் எழுதினார்கள். இதே வகைப் பூச்சிமருந்துகள் நம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகளை அவசரப் பிரிவுக்கு அனுப்புகின்றன. எந்த மருந்து என்பது நம் கேஸ் ஷீட்டில் பல நேரம் "ஓ.பி. பாய்சன்" என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறது.

மறைந்த செலவு, தவறவிட்ட நோயாளிகள். நீங்கள் டியூட்டியில் இருக்கும்போது வந்தவர்களை மட்டும் சேர்த்தால் அது வசதிக்கான தேர்வு. இரவில் வருபவர்கள் வேறுபட்டவர்கள். மது அருந்தியவர்கள் கூடுதல், தொலைவிலிருந்து பரிந்துரைக்கப்பட்டு வருபவர்கள் கூடுதல், மூத்த மருத்துவர்கள் குறைவு. வந்த அரை மணிக்குள் இறந்தவரை யாரும் சேர்த்திருக்கமாட்டார்கள். இதற்கு மாற்று இரண்டு. ஒன்று, உடன்படிக்கும் மாணவர்கள் நான்கைந்து பேர் ஒருவர் தீசிஸுக்கு ஒருவர் படிவம் நிரப்புவது என்று ஏற்பாடு செய்துகொள்வது. படிவம் ஒரே பக்கமாக இருந்தால்தான் இது நடக்கும். இரண்டு, வாரத்தில் எந்தெந்த எட்டு மணி நேரப் பகுதிகளில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முன்னதாகத் தேர்ந்து, அந்தப் பகுதிகளில் ஒருவர்கூட விடுபடாமல் சேர்ப்பது. இரண்டாவது வழி நம் மாணவர்களிடம் அதிகம் பழக்கத்தில் இல்லை. பழக்கத்துக்கு வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

எதைச் செய்தாலும், தகுதியிருந்தும் சேராதவர்களின் பட்டியல் ஒன்றைத் தனியே வையுங்கள். வயது, பாலினம், வந்த நேரம், சேராததற்குக் காரணம் ஆகிய நான்கு போதும்.

அடுத்த செலவு பின்தொடர்தல். முப்பது நாள் கழித்து நிலை என்ன என்று கேட்கத் தொலைபேசி எண் வேண்டும். சேர்க்கையின்போது கொடுத்த எண் பெரும்பாலும் உடன் வந்தவருடையதாக இருக்கும், சில நேரம் ஆட்டோ ஓட்டுநருடையதாகக்கூட இருக்கும். இரண்டு எண்கள் வாங்குங்கள். முடியாதென்றால் மருத்துவமனையைவிட்டு வெளியேறும் வரையிலான முடிவோடு நின்றுவிடுங்கள், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு பொறியையும் குறிப்பிட வேண்டும். கண்காணிப்பு ஆய்வை வைத்துச் சிகிச்சையின் பலனைப் பேசத் தொடங்குவது. முன்னதாகவே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தவர்கள் அதிகம் இறந்தார்கள் என்று வரும். வென்டிலேட்டர் கொன்றுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கடும் நோயாளி என்பதால்தான் அவருக்குக் குழாய் போட்டார்கள்.

## ஸ்கேன், ஸ்கோர், ரத்தச் சோதனை: துல்லியத்தைச் சோதிக்கும் ஆய்வு

படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட் நம் துறையின் அடையாளமாகிவிட்டதால் இந்த வகைத் தலைப்புகள் குவிகின்றன. செய்முறையை நன்றாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

ஆனால் எண்ணிக்கைக் கணக்கில் பலர் சறுக்குகிறார்கள். ஒரு சோதனையின் உணர்திறன் (நோயுள்ளவர்களைச் சரியாகக் கண்டுபிடிக்கும் விகிதம்) 90 விழுக்காடு என்று எதிர்பார்த்து, அதை ஐந்து விழுக்காடு கூடக்குறைய மதிப்பிட வேண்டுமானால், நோய் உறுதியானவர்கள் 139 பேர் தேவை. சந்தேகத்தோடு வருபவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்த நோய் இருக்கும் என்றால், கிட்டத்தட்ட 700 பேரைச் சேர்த்தாக வேண்டும். மொத்தம் 100 பேரைச் சேர்த்து, அதில் நோயுள்ள 20 பேரை வைத்துச் சொல்லும் உணர்திறனின் பிழை எல்லை மிக அகலமானது. அதை நம்பி எந்த மருத்துவரும் தன் சிகிச்சையை மாற்றக்கூடாது.

மறைந்த செலவு ஒப்பீட்டுச் சோதனையில் இருக்கிறது. ஸ்கேனில் குறை தெரிந்தவருக்கு மட்டும் சி.டி. எடுத்து, தெரியாதவருக்கு எடுக்காமல் விட்டால், ஸ்கேன் தவறவிட்டவர்கள் கண்ணுக்குத் தெரியவேமாட்டார்கள். உணர்திறன் பொய்யாக உயர்ந்துவிடும். எல்லோருக்கும் சி.டி. எடுப்பதென்றால் அந்தச் செலவும் கதிர்வீச்சும் யாருடைய பொறுப்பு? வழக்கமான சிகிச்சையிலேயே எல்லோருக்கும் சி.டி. எடுக்கும் நிலைமை ஒன்றைத் தேர்ந்தால்தான் இது நியாயமாக முடியும். ஸ்கேன் செய்பவரும் சி.டி. முடிவைப் படிப்பவரும் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமலிருப்பதும் அவசியம்.

கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வெளியான கணுக்கால் விதி இந்த வகையின் முன்மாதிரி. எங்கே தொட்டால் வலிக்கிறது, நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா என்பதைக் கொண்டே எக்ஸ்ரே தேவையா என்று சொல்கிறது. முதல் கட்டத்தில் 750 பேர். பின்னர் குழந்தைகளின் தலைக்காயத்துக்கு விதி வகுத்த அமெரிக்க ஆய்வு 2009இல் வந்தபோது, 25 அவசரப் பிரிவுகளிலிருந்து 42,412 குழந்தைகள் சேர்ந்திருந்தார்கள். புதிய விதி உருவாக்குவது தனி மாணவரின் வேலையல்ல. ஏற்கெனவே உள்ள விதி நம் நோயாளிகளிடம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பது நல்ல தீசிஸ். இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியைப் பார்த்து அந்த விதியை ஒரே மாதிரி நிரப்புகிறார்களா என்பதும் நல்ல தீசிஸ். அதற்குச் செலவும் இல்லை.

## குலுக்கல் முறையில் சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வு

சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்விக்கு இதுவே நேர்மையான வழி. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகளாக இருந்த வழக்கம். 2004இல் வெளியான கிராஷ் ஆய்வில் 10,008 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றுவது உயிர் காக்கும் என்றே எல்லோரும் நம்பினார்கள். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் நடந்த பீஸ்ட் ஆய்வு 2011இல் அதற்கு எதிரான விடையைத் தந்தது. 48 மணி நேரத்தில் இறப்பு, திரவம் ஏற்றிய குழுக்களில் பத்தரை விழுக்காட்டை ஒட்டியும் ஏற்றாத குழுவில் 7.3 விழுக்காடாகவும் இருந்தது. இந்த ஆய்வுகள் நடக்காமல் போயிருந்தால் நாம் இன்னமும் அதையே செய்துகொண்டிருப்போம்.

இதைப் படித்து உற்சாகமடையும் மாணவர் கவனிக்க வேண்டியது அங்கே சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. இறப்பை 20 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைக்கும் சிகிச்சை ஒன்று இருந்தால் அது மகத்தானது. அந்த வேறுபாட்டைக் காண வழக்கமான கணக்குப்படி ஒவ்வொரு குழுவிலும் 900 பேருக்கு மேல், மொத்தம் 1,800க்கு மேல் வேண்டும். ஓராண்டில் ஒரு மாணவரால் முடியாது.

சிறிய எண்ணிக்கையோடு இறப்பை அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இலங்கையே சாட்சி. மஞ்சள் அரளி விதை நஞ்சுக்குத் நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஆய்வு அநுராதபுரத்தில் நடந்து 2003இல் வெளியானது. 401 பேர். எல்லோருக்கும் முதலில் ஒருமுறை கரித்தூள் கொடுத்தார்கள். அதன்பின் திரும்பத் திரும்பப் பெற்றவர்களில் 2.5 விழுக்காடும் பெறாதவர்களில் 8 விழுக்காடும் இறந்தனர். பார்த்தால் விவாதமே முடிந்துவிட்டது போலிருக்கும். அரளியும் பூச்சிக்கொல்லியும் உட்கொண்டவர்களை உள்ளடக்கி, மூன்று மருத்துவமனைகளில் 4,632 பேரைச் சேர்த்த அடுத்த ஆய்வு 2008இல் வந்தது. கரித்தூள் பலமுறை பெற்றவர்களில் 6.3 விழுக்காடும் அறவே பெறாதவர்களில் 6.8 விழுக்காடும் இறந்திருந்தனர். பேசத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு ஆய்வுகளின் நோயாளிகளும் நடைமுறைகளும் முழுக்க ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் சிறிய ஆய்வின் பெரிய பலனைப் பார்த்தவுடன் நம்பக்கூடாது என்பதற்கு, நம் நோயாளிகளுக்கு இவ்வளவு நெருக்கமான பாடம் வேறில்லை. டெட்ராய்ட்டின் ஒரே அவசரப் பிரிவில் 263 பேரோடு நடந்து 2001இல் உலகையே மாற்றிய செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) சிகிச்சை முறைக்கும் இதே கதி. 2014, 2015இல் மூன்று பெரிய ஆய்வுகள் அந்தப் பலனைக் காணவில்லை.

அப்படியானால் மாணவர் இந்தப் பக்கமே போகக்கூடாதா? போகலாம், இறப்பைவிட்டு விலகினால். வலி அளவு பத்துக்கு எத்தனை என்று கேட்டு, 1.3 புள்ளி வேறுபாட்டைக் காண (திட்ட விலக்கம், அதாவது நோயாளிக்கு நோயாளி எண் சிதறும் அளவு, 2.5 என்று கொண்டால்) ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 60 பேர் போதும். வலி எல்லா நேரமும் வருகிறது, நோயாளி நினைவோடு இருக்கிறார், தானே ஒப்புதல் தருகிறார், விடை ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது. இடுப்பு எலும்பு முறிவுக்கு நரம்புத் தடை ஊசியா, ரத்தக் குழாய்வழி (ஐ.வி.) மருந்தா என்பது போன்ற கேள்விகள் இதற்கு ஏற்றவை. இங்கிலாந்தின் பத்து அவசரப் பிரிவுகளில் நடந்து 2015இல் வெளியான ரிவர்ட் ஆய்வை ஒருமுறை படித்துப் பாருங்கள். இதயம் திடீரென வேகமாக ஓடும் எஸ்.வி.டி. நோயாளி மூச்சை இறுக்கி ஊதியவுடன் அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தார்கள். இயல்பான துடிப்புக்குத் திரும்பியவர்கள் 17 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடானார்கள். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. நீங்கள் இதை மறுபடி செய்ய நினைத்தால், உங்கள் துறைக்கு மாதம் எத்தனை எஸ்.வி.டி. வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். பல இடங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மறைந்த செலவுகளில் முதன்மையானது பதிவு. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ.யில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல், தொடங்கிவிட்ட ஆய்வுகளை அது ஏற்பதில்லை. கட்டணம் கிடையாது, ஆனால் கேள்விகள் வந்து திருத்தி அனுப்ப வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்கள் சேர்க்கைக் காலத்திலிருந்துதான் கழியும். மருந்தைப் புதிய நோய்க்கோ புதிய அளவிலோ கொடுப்பதானால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளில் கல்விசார் சோதனைக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று ஆய்வு வழிகாட்டியான கைடோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஒளி ஊடுருவாத உறையில் குலுக்கல் சீட்டு, அதை இரவில் வரிசை மாறாமல் திறப்பவர், வலியை அளப்பவர் எந்த மருந்து என்று அறியாமலிருப்பது, இழப்பீட்டுக்கு ஏற்பாடு என்று பட்டியல் நீளும்.

நினைவிழந்த நோயாளிகளைச் சேர்க்கப் பின்னொப்புதல் முறை உண்டு, அதாவது முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு ஒப்புதல் கேட்பது. பீஸ்ட் ஆய்வும் அதைப் பயன்படுத்தியது. முதல் ஆய்வாக இதை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மகனை இழந்த தாயிடம் மறுநாள் போய், நேற்று உங்கள் மகனை ஓர் ஆய்வில் சேர்த்தோம் என்று சொல்லும் உரையாடலுக்கு அனுபவமுள்ள குழு வேண்டும்.

## செயல்முறையைச் சீர்செய்யும் ஆய்வு

நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்தில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம். எடுக்கிறோமா? இடைவெளியை அளந்து, ஒரு மாற்றம் செய்து, மீண்டும் அளப்பது இந்த முறை. நோயாளிக்கு நேரடிப் பயன் இதில்தான் விரைவாகத் தெரியும். முன்னும் பின்னும் ஒரு தடவை அளந்தால் போதாது. வாரவாரம் அளந்து வரைபடமாக்கினால்தான், முன்னேற்றம் உங்கள் மாற்றத்தால் வந்ததா, புதிய நர்சுகள் சேர்ந்ததால் வந்ததா என்று ஊகிக்கவாவது முடியும். இதை தீசிஸாக ஏற்பதில் சில கல்லூரிகள் தயங்குகின்றன. துறைத் தலைவரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| முறை | சேர்க்கை நேரம் | ஒப்புதல் | மறைந்த செலவு | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| பழைய கேஸ் ஷீட் | இரவுப் பணி தடையில்லை | விலக்கு கிடைக்கலாம் | பொய்யான பதிவுகள், வீட்டுக்கு அழைத்துச் சென்றவர்கள் | அரிய நோய், இயந்திரம் பதிந்த மாறிகள் |
| முன்னோக்கிய கண்காணிப்பு | 24 மணி ஏற்பாடு தேவை | எளிது, நினைவிழந்தவருக்கு உறவினர் | தவறவிட்டவர்கள், தொலைபேசித் தொடர்பு | நம் நோயாளிகளைப் பற்றிய அடிப்படைக் கேள்விகள் |
| சோதனைத் துல்லியம் | ஸ்கேன் தெரிந்தவர் உடனிருக்க வேண்டும் | எளிது | ஒப்பீட்டுச் சோதனையின் கட்டணம், பெரிய எண்ணிக்கை | உள்ள விதியை இங்கே சோதிக்க |
| குலுக்கல் ஆய்வு | பதிவு முடியும் வரை தொடங்க முடியாது | கடினம் | சி.டி.ஆர்.ஐ., இழப்பீடு, குருட்டாக்கம் (எந்த மருந்து என்று அளப்பவர் அறியாமலிருப்பது) | வலி, சிறு செய்முறைகள் |
| செயல்முறைச் சீரமைப்பு | தொடர் அளவீடு | குழுவிடம் கேட்க வேண்டும் | தீசிஸாக ஏற்பு | தெரிந்ததைச் செய்யாத இடங்கள் |

## யாருக்கு எது

சிறிய தனியார் கல்லூரி, நாளுக்கு முப்பது நாற்பது நோயாளிகள், உடன்படிப்பவர்கள் இருவர்தான் என்றால் துல்லிய ஆய்வுக்கும் குலுக்கலுக்கும் எண்ணிக்கை சேராது. கணினிப் பதிவு நன்றாக இருந்தால் கேஸ் ஷீட் ஆய்வு, இல்லையென்றால் செயல்முறைச் சீரமைப்பு. பெரிய அரசு மருத்துவமனையில் நோயாளிகள் குவிவார்கள், நேரம் இருக்காது. அங்கே ஒரே பக்கப் படிவத்தோடு, குலுக்கித் தேர்ந்த நேரப் பகுதிகளில் செய்யும் கண்காணிப்பு ஆய்வுதான் முடிக்கக்கூடியது. துறையில் ஏற்கெனவே ஆய்வு செவிலியரோ ஆய்வு உதவியாளரோ இருந்தால் மட்டும் குலுக்கல் ஆய்வை யோசியுங்கள். கைடு பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பெரிய ஆய்வு ஒன்றில் பங்கேற்கிறார் என்றால் இன்னொரு நல்ல வழி திறக்கிறது. அதன் ஒரு துணைக் கேள்வியை உங்கள் தீசிஸாக்கிக்கொள்ளலாம். படிவம், பயிற்சி, கண்காணிப்பு எல்லாம் ஆயத்தமாக இருக்கும்.

கைடு தலைப்பைத் தானே கொடுத்துவிட்டால்? முறையையாவது பேசித் திருத்த முடியும். "பெரியவர் சொல்லிவிட்டார்" என்று வாய்மூடி ஏற்றுக்கொண்டு கடைசி ஆண்டில் தவிப்பதைவிட, எண்களோடு போய்ப் பேசுவது இருவருக்கும் நல்லது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் ஆய்வு முறையியல் இணையப் படிப்பை எப்படியும் முடித்தாக வேண்டும். அதைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாமல் தலைப்பு எடுப்பதற்கு முன்பே முடித்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு மொழி கிடைக்கும்.

எண்களைத் திரட்ட ஒரு வாரம் போதும். உங்கள் மனத்தில் உள்ள நோயோடு வந்தவர்கள் எத்தனை பேர், எந்தெந்த மணிக்கு வந்தார்கள், உடன் வந்தவர் இருந்தாரா, நீங்கள் அளக்க நினைப்பது அந்த நேரத்தில் உண்மையாகவே பதிவானதா, எத்தனை நிமிடத்தில் அவசரப் பிரிவைவிட்டு நகர்ந்தார்கள் என்பதை ஏழு நாளுக்குப் பகல், மாலை, இரவு மூன்று டியூட்டிகளிலும் குறித்து வையுங்கள். பெயரோ அடையாளமோ வேண்டாம். துறைத் தலைவரின் அனுமதியோடு எண்ணிக்கை மட்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கைடைப் பார்க்கப் போங்கள்.